பன்னிரண்டு வெள்ளிக்கிழமை உப்பு

சந்திரவதனாவின் கார் சிவப்பு. இரண்டே இருக்கை, மடித்துப் பின்னால் போடக்கூடிய துணிக்கூரை, தரையோடு ஒட்டிக் கிடக்கிற உயரம். அதில் ஏறுவதற்கு ஒரு விதமாகக் குனியவேண்டும், இறங்குவதற்கு இன்னொரு விதமாக எழும்பவேண்டும். ஐம்பத்தாறு வயதில் முழங்கால் நோகாமல் இரண்டையும் செய்ய அவள் ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவள் ஏறும்போது கிங்ஸ்பரியில் அந்தத் தெருவின் இரண்டு வீட்டு யன்னல்களில் திரை விலகும். விலகட்டும் என்றுதான் அவளும் அவசரப்படாமல் ஆறுதலாக ஏறுவாள்.

அந்தக் காரை அவளுக்கு ஒருவரும் வாங்கிக் கொடுக்கவில்லை. அவள் இருபது வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறவள். விடியற்காலை ஷிப்ட், மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட், தீபாவளியன்று ஷிப்ட் என்று ஓடி ஓடி வாங்கிய கார். ஏன் இந்தக் கார் என்று கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும். பஸ்ஸைப் பின்சக்கரந்தான் தள்ளும். இந்தக் காரையும் பின்சில்லுத்தான் தள்ளும். ஊரில் ஓடுகிற மற்றக் கார்களில் பாதிக்குமேல் முன்சில்லால் இழுபட்டுப் போகிறவை.

"இழுபட்டுப் போறதுக்கும் பின்னால ஒரு கை தள்ளிவிடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு," என்பாள். "இருபது வருசமா அந்தக் கைதான் எனக்குப் பழக்கம்."

அவளுடைய கணவர் தியாகராஜாவுக்கும் அந்தக் காரில் பெருமைதான். இல்லையென்று சொன்னால் அது அபாண்டம். ஆனால் அவருடைய பெருமை வேறு சாதி. தபாலகக் கவுண்டரில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். எதையும் பொட்டலமாகக் கட்டி, திகதி எழுதி, அடுக்கி வைத்தால்தான் அவருக்கு நெஞ்சு ஆறும். ஒக்டோபர் பிறந்ததும் இணையத்தில் வாசித்ததையெல்லாம் அச்செடுத்து ஒரு ஃபைலில் கோத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"நவம்பர் முதலாம் திகதி தொடக்கம் மார்ச் முப்பத்தொண்டு மட்டும் கார் உள்ளுக்கை நிக்கவேணும், வதனா."

"ஏன், அதுக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் வரக்கூடாது எண்டுதான் சொல்லுறன். குளிர் விழுந்த உடன கவுன்சில்காரர் ரோட்டெல்லாம் உப்புக் கொட்டுவினம். உப்பு காருக்கு அடியில பிடிச்சால் இரும்பில கறள். கறள் பிடிச்சால் பிறகு அது கார் இல்லை, ஓட்டை ஓட்டையா அரிதட்டு. அதோட பின்சில்லுக் கார் ஐஸில பம்பரம் மாதிரிச் சுத்தும். எல்லாம் இதில எழுதிக் கிடக்கு."

"பூட்டி வைச்சால் என்ன நடக்கும் எண்டும் அதில எழுதிக் கிடக்கோ? பற்றரி செத்துப்போம். ரயர் ஒரே இடத்தில நிண்டு தட்டையாப் போகும். பிரேக் ஒட்டும். ஓடுறதுக்குச் செய்த சாமான் ஓடத்தான் வேணும். குளிருக்கு எண்டு ரயர் இருக்கு, அதை மாத்துவம். ஓடிப்போட்டு வந்து அடியைக் கழுவினால் உப்பு என்ன செய்யும்?"

சொல்லப்போனால் இரண்டு பேர் சொன்னதும் சரி. வீட்டுச் சண்டைகளில் பெரிய தொல்லையே இதுதான். ஒருவராவது பிழையாகப் பேசினால் அரை மணித்தியாலத்தில் முடித்துக்கொண்டு படுக்கப் போகலாம்.

சண்டை இரண்டு கிழமை இழுபட்டது. அதற்குள் செவன் கிங்ஸில் ஒரு சாமத்தியவீடு வந்தது. தியாகராஜாவின் ஒன்றுவிட்ட தங்கை தயாளினியின் மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள். மண்டப வாசலில் சிவப்புக் கார் வந்து நின்று, பட்டுச் சேலையோடு சந்திரவதனா அதிலிருந்து தன் முறைப்படி எழும்பி இறங்கியதை வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். தயாளினி ஓடிவந்தாள்.

"அண்ணை, ஆற்றை கார் இது?"

சந்திரவதனா வாயைத் திறப்பதற்குள் தியாகராஜா சொல்லிவிட்டார். "மகன் வாங்கித் தந்தவன்."

மகன் நிசாந்தன் மான்செஸ்ரரில் இருக்கிறான். அவனிடம் இருப்பது மடித்துக் கையில் தூக்கிக்கொண்டு போகிற ஒரு சைக்கிள். தாய்க்குப் பிறந்தநாள் என்றால் ஒரு நாள் பிந்தித்தான் ஃபோன் எடுப்பான். நல்ல பிள்ளைதான், ஆனால் கார் வாங்கிக் கொடுக்கிற பிள்ளையல்ல. "மகன் எண்டால் இப்பிடி இருக்கவேணும்," என்று தயாளினி நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாள். சந்திரவதனா சிரித்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். அன்று அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

திரும்பி வரும்போது பாதி வழி வரை அவள் கண்ணைத் தெருவிலேயே வைத்து ஓட்டினாள். பிறகு கேட்டாள்.

"நிசாந்தன் எப்ப வாங்கித் தந்தவன்?"

"நாவூறு படும், வதனா. பொம்பிளை தானா உழைச்சு வாங்கினது எண்டால் சனத்தின்ர கண் ரெண்டு மடங்கு. பிள்ளை வாங்கித் தந்தது எண்டால் வாயால ரெண்டு நல்ல சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிடுவினம்."

நாவூற்றுப் பயம் அவருக்கு உண்மையாகவே உண்டு. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியும். இருபது வருடத்தில் ஒருநாளாவது அவர் வெளியாட்களிடம் "என்ர மனிசி பஸ் ட்ரைவர்" என்று சொன்னதில்லை. "வதனா ட்ரான்ஸ்போட்டில" என்பார். கேட்கிறவர்கள் அவள் எங்கோ ஓர் ஒஃபிஸில் கதிரையில் இருந்து பஸ்களுக்கு நேரம் குறிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிடுவார். வேலையை மறைத்தார், சரி, பொறுத்துக்கொண்டாள். இப்போது அந்த வேலையால் வந்த காரையும் மகனின் தலையில் கட்டிவிட்டார். அது அவளுக்கு நொந்தது. நன்றாகவே நொந்தது.

அடுத்த கிழமை கடைவாசலில் நிறுத்தியிருந்த காரின் பக்கக் கண்ணாடியை யாரோ தட்டிவிட்டுப் போனார்கள். தியாகராஜா உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். பேசாமல் நின்றபடியால் களைத்துப்போய்ச் சம்மதித்தாள். ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை.

"சரி. உங்கட விருப்பத்துக்குப் பூட்டி வையுங்கோ. ஆனால் ரெண்டு கதை. பூட்டி வைச்சதால காருக்கு ஏதும் நடந்தால் பிறகு திறப்பு என்ர கையில. எந்த வின்ரரிலயும் நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

"ஒண்டும் நடக்காது. மற்றது?"

"ஜனவரி இருவத்தேழு. அண்டைக்குக் கார் வெளியில வரும்."

ஜனவரி இருபத்தேழு என்ன நாள் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு அவளுடைய டிப்போவில் ஒரு சின்ன விழா. இருபது வருடம் தன் பிழையால் ஒரு மோதலும் இல்லாமல் ஓட்டியவர்களுக்கு ஒரு பட்ஜ் குத்துவார்கள். அந்த வருடம் அதற்குத் தகுதியானவர்கள் மூன்று பேர், அதில் பெண் அவள் ஒருத்திதான். இருபது வருடத்துக்கு முன் பயிற்சிக்குப் போன முதல் நாள், பழக்க வந்தவர் அவளுடைய உயரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை நீ இங்கே இருக்கமாட்டாய் என்றார். மறுநாள் அவள் ஒரு குஷனோடு போனாள். அந்தக் குஷனின் உறையை ஏழு தரம் மாற்றிவிட்டாள், குஷன் அதேதான். இப்போது சிவப்புக் காரிலும் அதில்தான் உட்காருகிறாள். ஜனவரி இருபத்தேழு அன்று அந்த முற்றத்துக்குள் தன் உழைப்பில் வாங்கிய காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"சினோப் பனி கொட்டாட்டில் வரும்," என்றார் தியாகராஜா.

"கொட்டினாலும் வரும்," என்றாள் சந்திரவதனா.

நவம்பர் முதலாம் திகதி கார் உள்ளே போனது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு வரிசைக் கராஜ்களில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். ஹான்ட்பிரேக் போட்டால் ஒட்டும் என்று போடாமல் சில்லுகளுக்கு மரக்கட்டை வைத்தார். தட்டையாகாமல் இருக்க ரயருக்குக் கொஞ்சம் கூடக் காற்று அடித்தார். பற்றரிக்குச் சார்ஜர், மேலே மூச்சுவிடுகிற துணியில் உறை. ஒன்றில் குறை சொல்லமுடியாது. உள்ளே விடுவதற்கு முதல்நாள் சந்திரவதனா போய்ப் பக்கக் கண்ணாடியைத் திருத்தி, குளிர்கால ரயர் நாலும் மாற்றிக்கொண்டு வந்தாள். "நிக்கப்போற காருக்கு என்னத்துக்கு இது?" என்று கேட்டார். "சும்மா," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தியாகராஜா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஒரு பையோடு, "பற்றரி பாத்துக்கொண்டு வாறன்" என்று போவார். பற்றரி பார்க்க ஏன் குளிக்கவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் குசினியில் கல்லுப்புப் போத்தல் வேகமாக இறங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்ன மனிதர்.

"களவா உப்புப் போட்டுச் சாப்பிடுறியளோ?" என்று ஒருநாள் நேரே கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிக் குறைக்கிறன்," என்றார். செத்தல் மிளகாயும் குறைந்துகொண்டுதான் வந்தது. மனுசனுக்கு வயது போகப்போக வாய் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் கறிக்கு இன்னும் உப்பைக் குறைத்தாள். பாவம், இரண்டு மாதம் ஒரு சொல் முறைப்பாடு இல்லாமல் சப்பைக் கறியைச் சாப்பிட்டார்.

ஜனவரி இருபத்தாறு பின்னேரம் தூறத் தொடங்கிய பனி, இருபத்தேழு காலமை பார்த்தால் கணுக்கால் வரை கிடந்தது. தெருவில் நின்ற கார்களெல்லாம் வெள்ளை மூட்டைகளாக இருந்தன. தியாகராஜா யன்னலடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். முகத்தில் ஒரு நிம்மதி, அதை மறைக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ட்ரெயின் ஓடுதாம். பத்து மணிக்கு வெளிக்கிட்டால் காணும்."

சந்திரவதனா யூனிஃபோம் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். "ட்ரெயினில போய் இறங்குறதுக்கோ நான் இருவது வருசம் ஓட்டினனான்? அந்த அரிசிச் சாக்கு ரெண்டையும் ட்ரொலியில ஏத்துங்கோ."

"அரிசி என்னத்துக்கு?"

"இந்தக் காருக்குக் குண்டி பாரமில்லை. பின்சில்லில பாரம் இருந்தால்தான் பிடிக்கும்."

பத்துக் கிலோ மொட்டைக்கறுப்பன் அரிசிச் சாக்கு இரண்டும் தியாகராஜாவும் பனிக்குள் இழுபட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார்கள். குஷனை அவள் கக்கத்தில் வைத்திருந்தாள். வழியெல்லாம் அவர் ஃபைலில் உள்ளதை ஒப்புவித்துக்கொண்டே வந்தார்.

கராஜ் கதவைத் திறந்து உறையைக் கழற்றியதும் சிவப்பு அப்படியே பளிச்சென்று நின்றது. அவளுக்கு மனம் இளகியது. மனுசன் கவனமாகத்தான் வைத்திருக்கிறார், கொஞ்சம் கூடுதலாகத்தான் கோபப்பட்டுவிட்டேன் என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அரிசியை வைக்க டிக்கியைத் திறந்தாள். செத்தல் மிளகாய் நெடி மூக்கில் ஏறி இரண்டு தரம் தும்மினாள்.

"டிக்கிக்கை என்ன வைச்சிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. அரிசியை முன்னால வைப்பம், வதனா, நான் மடியில வைச்சிருக்கிறன்."

இருபது கிலோ அரிசியை மடியில் வைத்துக்கொண்டு வர ஒருவர் முன்வருகிறார் என்றால் டிக்கியில் ஏதோ இருக்கிறது. அவள் தரைக்கம்பளத்தைத் தூக்கினாள். அடியில், கிண்ணம்போல் குழிந்த இரும்புக்குள், பத்திரிகைத் தாளில் மடித்த பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஈரத்தில் ஊறிப் பாதி கரைந்து கூழாகிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பேனையால் திகதி எழுதியிருந்தது. நவம்பர் ஏழு, வெள்ளி. நவம்பர் பதினாலு, வெள்ளி. அப்படியே ஜனவரி இருபத்துமூன்று வரை பன்னிரண்டு பொட்டலம். ஒன்றை எடுத்தாள். அதற்குள் கல்லுப்பும் செத்தல் மிளகாயும். பொட்டலம் இருந்த இடத்தில் பெயின்ற் பொருமிக் கிளம்பியிருந்தது. விரலால் தட்டினாள். உரிந்து வந்தது. அதற்குக் கீழே மண்ணிறமாகக் கறள்.

தியாகராஜா மடித்த உறையை இன்னொருதரம் மடித்தார்.

"நாவூறு கழிச்சனான்," என்றார் தியாகராஜா கடைசியில். "வெள்ளிக்கு வெள்ளி மூண்டு தரம் சுத்தினனான். சுத்தினதை நெருப்பில போடவேணும். கராஜுக்கை நெருப்பு மூட்டக்கூடாது எண்டு எழுதி ஒட்டியிருக்கு. வீட்டில போட்டால் அலாம் கத்தும். முச்சந்தியில கொட்டுவம் எண்டால், குப்பை போட்டது எண்டு கவுன்சில் தண்டம் அடிக்கும். அதுதான் ஒரு வழி பிறக்குமட்டும் இதுக்கை வைப்பம் எண்டு."

சந்திரவதனாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ரோட்டு உப்புப் படக்கூடாது எண்டு மூண்டு மாசம் என்ர காரைப் பூட்டி வைச்சுப்போட்டு, அதுக்குள்ளயே உப்பைக் கட்டி வைச்சிருக்கிறியள். கவுன்சில்காரன்கூட அடியிலதான் கொட்டுவான். நீங்கள் வயித்துக்குள்ள கொட்டியிருக்கிறியள்."

"ஓம்," என்றார் அவர்.

"அதுக்குள்ள திகதி வேற."

"பழக்கம்," என்றார்.

அவர் நின்ற நிலை பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் இரங்கவில்லை, இரங்குவதற்கு நேரமும் இல்லை. மணி பத்தாகிவிட்டது. பொட்டலங்களை ஒரு பழைய வாளிக்குள் அள்ளிப் போட்டு வெளியே வைத்தாள். டிக்கியைத் துடைத்து அரிசிச் சாக்கை அடுக்கினாள். குஷனைப் போட்டு உட்கார்ந்து திறப்பைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கார் உறுமியது. பற்றரி விஷயத்தில் தியாகராஜா பிழை விடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கராஜ் வாசலிலிருந்து ஒழுங்கை வரைக்கும் ஏற்றம். பெரிய ஏற்றமல்ல, பத்துப் பன்னிரண்டு அடி. ஆனால் கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் அதில் உறைந்து, பனிக்குக் கீழே கண்ணாடிபோல் கிடந்தது. கார் மெல்ல ஏறி நடுவில் நின்றது. பின்சில்லு சுற்றியது, கார் நகரவில்லை. அவள் காலை எடுத்தாள். முறுக்கினால் இன்னும் பளபளப்பாகும் என்று அவளுக்குத் தெரியும். மெல்லப் பின்னுக்கு விட்டு இறங்கினாள்.

"நான் சொன்னனான்," என்று தொடங்கிய தியாகராஜா, அவள் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் ஐஸைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள்.

"அந்த உப்பைக் கொண்டு வாங்கோ."

"எந்த உப்பை?"

"உங்கட உப்பைத்தான். கொட்டுங்கோ இதில. ரெண்டு சில்லும் போற தடத்தில."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். யோசித்தார். சுற்றிய உப்பைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. ஒழுங்கையைப் பார்த்தார். கராஜ் வழி ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மூன்றும் அந்த இடத்தில்தான் சந்தித்தன. அவர் முகம் தெளிந்தது.

"முச்சந்திதான், வதனா."

"எந்தச் சந்தியெண்டாலும் கெதியாக் கொட்டுங்கோ."

பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து, நவம்பரில் தொடங்கித் திகதி ஒழுங்கில், ஊறிய உப்பை இரண்டு தடத்திலும் பரவினார். மிளகாயும் அதோடு போனது. வெள்ளைப் பனியில் சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது. பத்து நிமிடத்தில் ஐஸ் பொருபொருத்து இளகத் தொடங்கியது. சந்திரவதனா ஏறி உட்கார்ந்து முதலாவது கியரை விட்டு இரண்டாவதில் போட்டு, கிளச்சை மூச்சு விடுவதுபோல் விட்டாள். பின்சில்லு ஒருதரம் நழுவியது. பிறகு உப்பில் பல்லைப் பதித்தது. பின்னால் அந்தக் கை தள்ளியது. கார் ஏறி ஒழுங்கையில் போய் நின்றது.

"ஏறுங்கோ," என்றாள்.

பெரிய தெருவில் உப்புப் போட்டிருந்தார்கள், தார் கறுப்பாகத் தெரிந்தது. சிக்கல் ஃபிரையன்ற் வேயில் இருந்தது. இரண்டு பக்கமும் வெறும் புல்வெளி, நடுவில் தெரு ஏறி இறங்கிப் போகும். ஏற்றத்தில் நாலைந்து கார்கள் கண்டபடி நின்றன. ஒரு பெரிய ஜீப் குறுக்காகத் திரும்பி, சில்லைச் சுழற்றிப் பனியை அடித்துக்கொண்டிருந்தது. சந்திரவதனா அடிவாரத்திலேயே நின்றாள். முன்னால் போன வான் மேலே போய் மறையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிக்கிறீர்?"

"ஏறத் தொடங்கினால் இடையில நிக்கக்கூடாது. நிண்டால் இந்தச் சனத்தோட நாங்களும் நிக்கவேண்டியதுதான். எழுவது பேரை ஏத்திக்கொண்டு நிக்கேக்கை படிச்சது."

பிறகு எடுத்தாள். ஒரே வேகம், நடக்கிற மனிதரைவிடக் கொஞ்சம் கூட. வலது கால் அசைந்ததே தெரியவில்லை. ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போகும்போது அதற்குள் இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். உச்சி தாண்டி இறங்கும் வளைவில் பின்பக்கம் மெல்ல வெளியே போனது. தியாகராஜா டாஷ்போட்டைப் பிடித்தார்.

"பிரேக்கைப் பிடியும், வதனா."

"பிடிச்சால்தான் சுத்தும். பேசாமல் இருங்கோ."

பின்பக்கம் போன பக்கத்துக்கே ஸ்டியரிங்கை ஒரு சாண் விட்டாள், காலைத் தளர்த்தினாள். கார் ஒருதரம் இடுப்பை ஆட்டிவிட்டு நேராகியது. அவள் கண் தெருவை விட்டு அசையவில்லை. தியாகராஜா முருகா என்று பாதி சொன்னவர் மிச்சத்தை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தார். இருபது வருடமாக அவள் வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறார், களைத்து வருவதைப் பார்த்திருக்கிறார். அவள் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. அவளுடைய பஸ்ஸில் ஒருநாளும் ஏறியதில்லை. இன்றுதான் முதல்தரம் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். மிச்ச வழியெல்லாம் அவர் ஃபைலைப் பற்றிப் பேசவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சிவப்புக் கார் டிப்போ வாசலால் உள்ளே திரும்பியது. பனி காரணமாகப் பல பஸ்கள் வெளியே போகவில்லை. சிவப்புச் சிவப்பாக வரிசையில் நின்றன. வேலைக்கு வந்த ட்ரைவர்கள் கையில் கோப்பித் தண்ணியோடு முற்றத்தில் நின்றார்கள். பஸ்களுக்கு நடுவில் அதே சிவப்பில் ஒரு குட்டி வருவதைக் கண்டு முதலில் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். சந்திரவதனா பனி வழித்துவிட்டிருந்த இடத்தில் வெள்ளைக் கோடுகளுக்குள் நேராக நிறுத்தினாள். தன் முறைப்படி எழும்பி, ஆறுதலாக இறங்கினாள். நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

இம்மாகுலேற் முதலில் வந்தாள். மன்னார்ப் பெண், ஆறு வருடத்துக்கு முன் சேர்ந்தபோது சந்திரவதனாதான் அவளுக்குப் பாதை பழக்கினாள். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தியாகராஜாவிடம் சிரித்தாள்.

"அண்ணை, இதுதானோ மகன் வாங்கித் தந்த கார்? செவன் கிங்ஸில இருக்கிற எங்கட மச்சாள் சொன்னவ."

கார்க் கதவைச் சாத்தப்போன சந்திரவதனாவின் கை அப்படியே நின்றது. அவள் கணவரின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் பதிலைத் தான் கேட்டு வாங்கியது போலாகிவிடும்.

தியாகராஜா கோட்டில் இருந்த பனியைத் தட்டினார். உதறுவதற்கு அவ்வளவு பனி அதில் இல்லை.

"மகனோ? அவனிட்டை ஒரு மடிக்கிற சைக்கிள்தான் கிடக்கு. இது என்ர மனிசியின்ர கார், பிள்ளை. இருவது வருசம் பஸ் ஓட்டி, தன்ர உழைப்பில வாங்கினது. செவன் கிங்ஸில நான்தான் பொய் சொன்னனான்."

"ஏனண்ணை?"

"நாவூறு படும் எண்டு பயத்தில."

இம்மாகுலேற் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாற்பது பேருக்குக் குறையாமல் காரையும் சந்திரவதனாவையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப இப்ப படாதோ? எல்லாரும் பாத்துக்கொண்டெல்லோ நிக்கினம்."

வாசலுக்கு வெளியே கவுன்சில் லொறி ஒன்று, பின்னால் கல்லுப்பைச் சுழற்றி இறைத்துக்கொண்டு, தெருவில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. தியாகராஜா அது போய் மறையும்வரை பார்த்தார்.

"பட்டால் படட்டும். கவுன்சில்காரர் லண்டன் முழுக்க உப்புச் சுத்திக் கொட்டிக்கொண்டுதான் திரியினம்," என்றார்.

பழக்கத்தில் திறப்புக்காகக் கையை நீட்டினார். சந்திரவதனா அதை யூனிஃபோம் பொக்கற்றுக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். அவர் கையை மடக்கிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அடியைக் கழுவவேணும் என்று மட்டும் சொன்னார். கழுவுவம், முதலில டிக்கியைக் கழுவுங்கோ என்றாள். குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முன்னே நடக்க, அவர் பின்னால் போனார்.

பட்ஜை அதற்குப் பிறகு, பதினொன்றே காலுக்குத்தான் குத்தினார்கள்.